சிவப்புக் கட்டங்களும் மனிதத் தவறும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடல் விபத்துகள் பற்றிய பல்கலைக்கழக ஆய்வுகளைத் தொகுத்துப் போன ஞாயிறு நீங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் 'நூற்றுக்கு எண்பது விபத்துக்கு மனிதத் தவறே காரணம்' என்ற வரி வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். நான் கடலுக்குப் போன நாளிலிருந்து காதில் விழுகிற கணக்கு இது. எந்தக் கடதாசியைப் பார்த்து எண்ணினார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. அப்படி எண்ணிய கடதாசிகளில் சிலவற்றை நானே பொய்யாக நிரப்பியிருக்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பத்தொன்பது வருடம் கொள்கலன் கப்பல்களில் எஞ்சின் ரூம் வேலை பார்த்தவன் நான். சர்வதேச விதிப்படி கடலோடிக்கு எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம், ஏழு நாளில் 77 மணி நேரம் ஓய்வு கிடைக்க வேண்டும். அந்தப் பத்தை இரண்டு துண்டுக்கு மேல் பிரிக்கக் கூடாது. ஒரு துண்டாவது ஆறு மணி நேரம் இருக்க வேண்டும்.

சின்னத் துறைமுகங்களுக்கிடையே ஓடும் கப்பலில் இதை எப்படிக் கடைப்பிடிப்பது? விடியப்புறம் மூன்று மணிக்கு ஸ்டாண்ட்-பை, அதாவது எல்லோரும் எஞ்சினருகே தயார் நிலையில். துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட் ஏறி, கப்பலைக் கட்டி முடிய ஆறு மணி. அப்புறம் எண்ணெய் ஏற்ற வேண்டும், பரிசோதகருக்குப் பதில் சொல்ல வேண்டும், நேற்று முதல் முனகிக்கொண்டிருக்கும் பியூரிஃபையரை, எண்ணெய் சுத்திகரிக்கும் இயந்திரத்தை, கழற்ற வேண்டும். பின்னேரம் மறுபடி புறப்பாடு. இரவு படுத்தால் அலாரம்.

மாத முடிவில் ஓய்வு நேரப் பதிவைக் கணினியில் நிரப்புவோம். விதி மீறினால் கட்டம் சிவப்பாகும். "மல்லி (தம்பி), ரெட் வரக் கூடாது" என்பார் சீஃப் எஞ்சினியர். அவர் கெட்ட மனிதர் இல்லை; சிவப்பு வந்தால் அவருக்கு மேலே இருப்பவர்கள் அவரைத்தான் கேட்பார்கள். பச்சையாகும்வரை மாற்றிவிட்டுக் கையொப்பம் வைப்பேன். உண்மையான நித்திரைக் கணக்கை மட்டும் ஒரு சி.ஆர். கொப்பியில், தடித்த அட்டைக் குறிப்பேட்டில், எழுதி வந்தேன். ஏன் எழுதினேன் என்று கேட்டால் சரியான பதில் இல்லை. ஒருவேளை மனைவியிடம் காட்டி இரக்கம் வாங்கவாக இருக்கலாம்.

இது என் ஒருவனுடைய கதை என்று நினைக்க வேண்டாம். சுவீடனின் மல்மோவில் உள்ள உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட ஆய்வே ஓய்வு நேரப் பதிவுகளைத் திருத்துவது பரவலாக நடக்கிறது என்று சொல்லிவிட்டது. அதற்கு முன் ஐரோப்பிய ஆய்வொன்றில் அனுபவமுள்ள 90 அதிகாரிகளைச் சிமுலேட்டரில் அமர்த்தி, ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு போன்ற முறைகளில் சுற்றவிட்டுப் பார்த்தார்கள். சிலர் கடமையிலேயே தூங்கினார்கள். எங்களுக்கு இதில் புதினம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு விஞ்ஞானி அளந்து சொல்லும்போது மனதுக்கு ஆறுதலாகத்தான் இருக்கிறது.

2010 ஏப்ரலில் 'ஷென் நெங் 1' என்ற நிலக்கரிக் கப்பல் அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளப்பாறைப் பகுதியில் தரைதட்டியது. திரும்ப வேண்டிய இடத்தில் சீஃப் மேட், கப்டனுக்கு அடுத்த அதிகாரி, கப்பலைத் திருப்பவில்லை. தவறுதான். அதற்கு முந்தைய 38 மணி நேரத்துக்கும் மேலான காலத்தில் அவர் தூங்கியது இரண்டரை மணி நேரம் என்று விசாரணையில் தெரிந்தது. இதையும் எண்பதில் ஒன்றாகச் சேர்க்கலாம். சேர்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டால் ஆய்வு எதற்கு?

நம் கரைக்கு வருவோம். கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற கொள்கலன் கப்பல் எரிந்த பிறகு பிளாஸ்டிக் மணிகளையும் செத்த ஆமைகளையும் பற்றி ஆராய்ந்தார்கள். அது செய்ய வேண்டிய வேலை. ஆனால் ஒரு கொள்கலனிலிருந்து நைத்திரிக் அமிலம் கசிவது 2021 மே 11ஆம் திகதியே கப்பலில் தெரிந்துவிட்டது. கத்தாரின் ஹமாத்திலும் இந்தியாவின் ஹசீராவிலும் அந்தக் கொள்கலனை இறக்க மறுத்தார்கள். தீ வெளிப்பட்டது மே 20. அந்த ஒன்பது நாளும் அந்தக் கொள்கலனைச் சுற்றி வேலை செய்த மாலுமிகள் என்ன நினைத்தார்கள், யாரிடம் சொன்னார்கள், சொல்ல முடிந்ததா என்று கேட்டு எழுதிய ஆய்வு எதுவும் என் கண்ணில் இன்னும் படவில்லை.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்துத் துறை இருக்கிறது. சமுத்திரப் பல்கலைக்கழகம் மட்டக்குளியில், என் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். கப்பலில் வைத்துக் கேட்டால் கடலோடி உண்மை பேச மாட்டான். அடுத்த ஒப்பந்தம் போய்விடும். லீவில் வீட்டில் இருக்கும்போது, தமிழிலோ சிங்களத்திலோ, பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். பிரித்தானியாவில் கடலோடிகள் அடையாளம் வெளியே வராமல் முறையிட 2003 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அவர்கள் அனுப்பும் சம்பவங்களைப் பெயரை நீக்கிவிட்டு எல்லோரும் வாசிக்க வெளியிடுகிறார்கள். இங்கே அப்படி ஒன்றைத் தொடங்க ஒரு விரிவுரையாளரும் நாலு மாணவர்களும் போதும்.

சி.ஆர். கொப்பிகள் ஏழு இன்னும் அலுமாரியில் இருக்கின்றன. இரண்டில் எண்ணெய்க் கறை, மற்றவை வாசிக்கக்கூடியவை. எந்த மாணவராவது கேட்டு வந்தால் கொடுக்கிறேன், பச்சைக் கட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் எஞ்சினியர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.