உள்ளரங்கின் இரைச்சலுக்குக் கூரையைக் கவனியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உள்விளையாட்டரங்கங்கள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் தரை, விளக்கு, காற்றோட்டம் எல்லாம் இருந்தன. சத்தம் பற்றி ஒரு வரிகூட இல்லை. பல வருடங்களாகப் பிள்ளைகளுக்குப் பேட்மிண்டன் சொல்லிக்கொடுக்கும் எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

நான் பயிற்சி தரும் அரங்கில் தகரக் கூரை, சிமெண்ட் சுவர், மரத்தரை. மூன்றும் ஒலியை விழுங்காமல் திருப்பி அடிப்பவை. நான்கு கோர்ட்டிலும் ஆட்டம் நடந்தால், பத்தடி தள்ளி நிற்கும் பிள்ளைக்கு என் குரல் கேட்கும், ஆனால் என்ன சொன்னேன் என்று புரியாது. முந்தின சொல் அடங்குவதற்குள் அடுத்தது அதன்மேல் ஏறிவிடும். உடனே நான் கத்துவேன், பக்கத்துக் கோர்ட்டுக்காரர் என்னைவிடக் கத்துவார். காதுக்கருவி அணிந்த ஒரு சிறுமி என்னிடம் பயின்றாள். அந்தக் கருவி என் குரலோடு அரங்கின் இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கியது. கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, என் உதட்டைப் பார்த்தே ஆடினாள். ஒரு மாதத்தில் வருவதை நிறுத்திவிட்டாள். நல்ல கை அவளுக்கு. நிர்வாகத்திடம் முறையிட்டேன். பிள்ளைகளை அமைதியாக ஆடச் சொல்லுங்கள் என்றார்கள். அப்புறம் எனக்கு ஒரு மைக் வாங்கித் தந்தார்கள். இரைச்சல் இன்னும் கூடியதுதான் மிச்சம்.

இதற்கு வழி தெரிந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை என்று 1895இல் வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யும் வேலையை ஒப்படைத்தார்கள். அங்கே எழுந்த ஒலி அடங்க ஐந்தரை விநாடி ஆனது. பக்கத்துத் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று அளந்தார். அதில் பிறந்த சூத்திரம் எளிது: மீட்டர் கணக்கில் அரங்கின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சும் பரப்பால் (ஒவ்வொரு பரப்பையும் அது விழுங்கும் ஒலியின் பங்கால் பெருக்கிக் கூட்டியது) வகுத்தால், ஒலி அடங்க ஆகும் விநாடிகள் கிடைக்கும்.

30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரமுள்ள அரங்கு என்று வையுங்கள். எல்லாப் பரப்பும் சேர்ந்து 2000 சதுர மீட்டர். தன்மேல் விழும் ஒலியில் 5 சதவீதத்தை மட்டும் அவை விழுங்கினால், ஒலி அடங்க ஏறக்குறைய 7.7 விநாடி ஆகும். 90 சதவீதம் விழுங்கும் தடித்த கனிமப் பஞ்சுப் (மினரல் வூல்) பலகைகளை 300 சதுர மீட்டருக்குப் பதித்தால், அது 2.2 விநாடியாகக் குறைந்துவிடும். அதாவது கூரையின் பாதிப் பரப்புதான். சுவரில் பதிப்பதானால் பந்து படாத உயரத்தில் பதிக்கலாம். கூரையிலிருந்து செங்குத்தாகத் தொங்கவிட்டால் இரண்டு முகமும் வேலை செய்யும்.

சரி, கைக்குக் கிடைத்ததை ஒட்டலாமா என்றால், வேண்டாம். முட்டை அட்டையும் தெர்மாகோலும் பெரிதாக ஒன்றும் செய்யாது. மெல்லிய கம்பளம் கீச்சொலியைக் குறைக்கும், முழக்கத்தைத் தொடாது. சாதாரண ஃபோம் ஆபத்தானது. 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு இரவு விடுதிச் சுவரில் ஒட்டியிருந்த ஃபோமில் தீப்பற்றி 100 பேர் இறந்தார்கள். தீத்தடுப்புச் சான்று இல்லாத எதையும் பிள்ளைகளின் தலைக்கு மேல் மாட்டக் கூடாது.

புதிதாகக் கட்டுகிறவர்கள் இதைக் கூரை போடும்போதே செய்துவிட்டால், பிறகு இதற்கென்று சாரம் கட்ட வேண்டியதில்லை. துளையிட்ட தகடு, அதன் பின்னால் கனிமப் பஞ்சு என்று கூரையையே அப்படி அமைக்கலாம். உங்கள் அடுத்த கட்டுரையில் இதைத் தயவுசெய்து சேருங்கள். கூடவே, அரங்கைத் திறக்கும் முன் நடுவில் நின்று ஒரு முறை கைதட்டி, அந்த ஒலி முழுதாக அடங்கும்வரை விநாடிகளை எண்ணிப் பார்க்கவும் சொல்லுங்கள்.

அன்புடன்,
பேட்மிண்டன் பயிற்சியாளர் ஒருவர்