அக்கா, சின்னவன அந்தப் படத்தப் பாக்க விடு

அக்கா,

நேத்து போன்ல பேசுனதுல இருந்து இத எழுதணும்னு இருக்கு, போன்ல சொன்னா நீ பாதியிலயே "சரி சரி வைக்கிறேன்"னுடுவ. அக்டோபர் கடைசி ராத்திரி பிள்ளைங்க வேஷம் போட்டு வீடு வீடா மிட்டாய் கேக்குற ஹாலோவீனுக்கு உன் சின்னவன் எலும்புக்கூடு டிரஸ் கேட்டானாம், அது சாத்தான் பண்டிகைன்னு உங்க சர்ச்ல சொல்லிட்டாங்கன்னு நீ முடியாதுன்னுட்டியாம். அவன் ஏம்மான்னு கேட்டதுக்கு உன்கிட்ட பதில் இல்ல. அதுக்குத்தான் 'தி ஹாலோவீன் ட்ரீ' பட லிங்க் அனுப்புனேன், நீ போஸ்டரப் பாத்ததுமே மூடிட்ட.

1993ல வந்த கார்ட்டூன் படம் அது. டாம் அண்ட் ஜெர்ரிய உருவாக்குன ரெண்டு பேரு இருக்காங்கல்ல, அவங்க ஆரம்பிச்ச ஹன்னா பார்பெரா கம்பெனி எடுத்தது. ரே பிராட்பரின்னு ஒரு அமெரிக்க எழுத்தாளர் 1972ல எழுதுன கதை, திரைக்கதையும் அவரே, பின்னாடி கதை சொல்ற குரலும் அவரே. எழுத்துக்கு, டிவிக்குன்னு குடுக்குற எம்மி அவார்டும் கெடச்சுது.

கதை சிம்பிள். ஹாலோவீன் ராத்திரி நாலு பிள்ளைங்க வேஷம் போட்டுட்டு கூட்டாளி பிப்புக்காகக் காத்திருக்காங்க, அவனுக்கு அப்பெண்டிக்ஸ், ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டுப் போயிட்டாங்க. அவன் ஆவி ஓட, இவங்க துரத்த, மவுண்ட்ஷ்ரவுட்னு ஒரு கெழவன் (ஸ்டார் ட்ரெக்ல ஸ்போக்கா வந்தாரே லியோனார்ட் நிமோய், அவர் குரல், அந்தக் குரலுக்காகவே பாக்கலாம்) உங்க வேஷத்துக்கு அர்த்தமே தெரியலையேன்னு கிண்டல் பண்ணிட்டே கூட்டிட்டுப் போறான். மம்மி வேஷம் போட்டவனுக்கு எகிப்து, சூனியக்காரி வேஷம் போட்ட பொண்ணுக்கு இங்கிலாந்துல பழைய கல்லு வட்டம் ஸ்டோன்ஹெஞ்ச், பூதத்துக்குப் பாரிஸ் நோத்ர தாம் கோயில், எலும்புக்கூட்டுக்கு மெக்சிகோ.

சரித்திரம் அங்கங்க இடிக்குது, சொல்லிடுறேன். எகிப்து மம்மிக்கும் ஹாலோவீனுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. நோத்ர தாம் மாடியில கன்னத்துல கை வச்சு உக்காந்திருக்குமே ஒரு பூதம், அது 19ஆம் நூற்றாண்டுல கோயில ரிப்பேர் பண்ணப்ப வச்சது. நெசமான வேர் அயர்லாந்துல இருக்கு, அறுப்பு முடிஞ்சு மாட்டையெல்லாம் ஊருக்குள்ள ஓட்டிட்டு வந்து குளிர்காலத்த ஆரம்பிக்கிற சவின் பண்டிகை. அங்க டர்னிப் கெழங்கத்தான் குடைஞ்சு விளக்கு வச்சாங்க, அமெரிக்கா போனவங்களுக்கு அங்க பூசணி பெருசா கெடச்சுது, குடையறதும் ஈசி.

ஆனா சாத்தான் பண்டிகைன்னு சொல்றியே, எனக்கு அங்கதான் கோவம். ஹாலோவீன்னா என்ன, 'ஆல் ஹாலோஸ் ஈவ்', நவம்பர் 1 சகல புனிதர்கள் திருநாளுக்கு முந்தின ராத்திரி, அவ்ளோதான். அடுத்து நவம்பர் 2 என்னன்னு உனக்கு நான் சொல்லணுமா? கல்லறைத் திருநாள்! ஆச்சி நம்ம ரெண்டு பேரையும் இழுத்துட்டுப் போய் தாத்தா கல்லறையில புல்லு பிடுங்க விடுமே, நீ வெள்ளையடிச்சு பாவாடையெல்லாம் சுண்ணாம்பாக்கி அடி வாங்குன, காத்துல மெழுகுதிரி நிக்காம தேங்கா சிரட்டைய மறைப்பா வச்சோம், ஃபாதர் வந்து மந்திரிச்சு தீர்த்தம் தெளிக்கிற வரைக்கும் ஆச்சி செபமாலைய விடாது. மோட்சம் போறதுக்கு முன்னாடி பாவம் தீர உத்தரிக்கிற ஸ்தலத்துல இருக்கிற ஆத்துமாக்களுக்கு வேண்டிக்கணும்னு சொல்லும். இங்கிலாந்துல அந்தக் காலத்துல ஏழைங்க இதே நாள்ல வீடு வீடாப் போய், உங்க வீட்டுல செத்தவங்களுக்கு வேண்டிக்கிறோம்னு சொல்லி ஒரு சின்ன கேக் வாங்கிப்பாங்க. இப்ப உன் வாசல்ல வந்து மிட்டாய் கேக்குற பழக்கத்துக்கு அதுவும் ஒரு வேர்.

மெக்சிகோ வர்ற எடத்துல நான் கொஞ்சம் ஆடிப் போயிட்டேன். கல்லறை முழுக்க மெழுகுதிரி, நம்மூரு மாதிரியே. அந்த ஊர்க்காரங்க இந்த நாளுக்குன்னே கொட்டுற பூ என்ன தெரியுமா, நம்ம செண்டுமல்லி, அது மொதல்ல மெக்சிகோவுல இருந்து வந்த பூவாம்! பிப்பு சாகப் போறான், அவன மீக்கணும்னா ஒவ்வொருத்தரும் தன் ஆயுசோட கடைசியில இருந்து ஒரு வருஷம் தரணும்னு கெழவன் பேரம் பேசுறான். நாலு பேரும் தராங்க. பிப்பு பேரு எழுதுன சக்கரை மண்டையோட்டத் தின்னா பேரம் முடிஞ்சுது. கெழவன் நல்லவனா கெட்டவனான்னு படம் சொல்லவே இல்ல, எனக்கு அதுதான் ரொம்பப் புடிச்சுது.

சின்னவன் பயப்படுவான்னு சொல்லாத. ஆச்சி செத்தப்ப அவன்கிட்ட "ஆச்சி ஊருக்குப் போயிருக்கு"ன்னு சொன்ன, எந்த ஊருன்னு போன மாசம் கூட என்கிட்ட கேட்டான், நான் முழிச்சேன்.

எழுபது நிமிஷம்தான் படம். மெக்சிகோ வர்றப்ப மட்டும் கிச்சன்ல நிக்காம அவன் பக்கத்துல உக்காரு. அப்புறம் இந்த வருஷம் ஆச்சி கல்லறைக்கும் சேத்து வெள்ளையடிக்க ஆளுக்குச் சொல்லியாச்சு, பாதிப் பணம் உன்னுது, ஞாபகம் வச்சுக்கோ. ரெண்டாம் தேதி சாயங்காலம் வீடியோ கால் போடுறேன், உனக்கு அப்ப விடியக்காலை, சின்னவன எழுப்பி வை.