குவாரியின் மேலாளர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 மே மாதம் சிங்கம்புணரியை அடுத்த மல்லாக்கோட்டை கல்குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் மாண்டபோதும், அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் நெல்லை மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் அதே விதமான துயரம் நிகழ்ந்தபோதும், உரிமையாளர் கைதானாரா, உரிமம் காலாவதியாகிவிட்டதா, அனுமதித்த ஆழத்தை மீறித் தோண்டினார்களா என்ற கேள்விகளே பெரிதும் எழுந்தன. அவை கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் பாறை முகப்பை அண்ணாந்து பார்த்து, "இன்று இங்கே யாரும் இறங்க வேண்டாம்" என்று சொல்லும் பொறுப்பு அன்று யாரிடம் இருந்தது என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. மேலூர் வட்டாரக் குவாரிகளில் நெடுங்காலம் ஃபோர்மேனாக இருந்தவன் என்ற முறையில் அதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

கல்குவாரி என்றால் மாநிலக் கனிமவளத் துறையின் குத்தகை உரிமத்தோடு முடிந்துவிடும் விஷயம் என்றே பலரும் நினைக்கிறார்கள். 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், கட்டடக்கல், ஜல்லி போன்றவற்றை எடுக்கும் இடங்களுக்கு விலக்கு அளித்தது உண்மை. ஆனால் அந்த விலக்கு, தோண்டும் ஆழம் எங்கும் 6 மீட்டரைத் தாண்டாமலும், ஒரு நாளில் வேலை செய்வோர் 50 பேரை மிஞ்சாமலும், வெடிமருந்து பயன்படுத்தாமலும் இருக்கும் திறந்தவெளிக் குழிகளுக்கு மட்டுமே உரியது. பாறையில் துளை போட்டு வெடி வைத்த அன்றே அந்த இடம் சட்டத்தின் பார்வையில் சுரங்கம் ஆகிவிடுகிறது. பாதுகாப்பைக் கண்காணிக்கும் பொறுப்பு, தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்துக்குப் போய்விடுகிறது. உரிமம் கொடுப்பவர் ஒருவர், பாதுகாப்பைப் பார்ப்பவர் வேறொருவர் என்ற இந்த இடைவெளியை இட்டு நிரப்ப வேண்டியவர்தான் மேலாளர்.

அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு, ஒவ்வொரு சுரங்கமும் தகுதிபெற்ற ஒரே மேலாளரின் கீழ் இயங்க வேண்டும் என்று வகுத்தது. உரிமையாளர் அவருக்கு உத்தரவிடலாம். ஆனால் அதை உடனே எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். மேலாளரின் சட்டப்பூர்வக் கடமைகளைத் தொடும் எந்த உத்தரவையும், அவசர நிலை தவிர, அவரைத் தாண்டி அவருக்குக் கீழுள்ள ஊழியரிடம் நேரே சொல்லக் கூடாது என்றும் அதே பிரிவு கூறியது. நடைமுறையிலோ, ஹிட்டாச்சி என்னும் தோண்டும் இயந்திரத்தை ஓட்டுபவரின் கைப்பேசிக்கே முதலாளியிடமிருந்து அழைப்பு வரும். இயந்திரம் நகர்ந்த பிறகுதான் எங்களுக்குச் செய்தி தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் பார்த்த குவாரிகள் சிலவற்றில் எல்லோரும் "மேனேஜர்" என்று அழைத்தது, கல் ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கான நடைச்சீட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு டிப்பர்களை எண்ணும் கணக்குப்பிள்ளையைத்தான். சட்டப்படியான மேலாளரின் சான்றிதழ் அலுவலகச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். அதற்கு உரியவர் மாதம் ஒரு முறை வந்து, முப்பது நாளுக்கான கையெழுத்துகளையும் ஒரே பேனாவில் போட்டுவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குள் பேருந்து ஏறிவிடுவார்.

விதிவிலக்கானவர் ஒருவரிடமும் நான் வேலை செய்திருக்கிறேன். கோலார் தங்கவயலில் தொழில் கற்று வந்த பெரியவர் அவர். ஓர் ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு, முகப்பின் மேல்விளிம்பில் புதிதாக ஒரு விரிசல் தெரிந்தது. அவர் கடப்பாரையால் பாறையைத் தட்டிக்கொண்டே போனார். கணீர் என்று ஒலித்துவந்த கல், ஓரிடத்தில் வெறும் பானையைத் தட்டியது போல் 'டொப்' என்றது. உடனே கீழே நின்ற ஆட்களையும் கம்ப்ரசரையும் வெளியேற்றினார். சாலை வேலைக்கு எட்டு டிப்பர்கள் காத்துக்கொண்டிருந்தன. முதலாளி தொலைபேசியில் சத்தம் போட்டது அருகில் நின்ற எனக்கே கேட்டது. பெரியவர் குரலை உயர்த்தாமல், "சரிங்க, இதையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள், ஆட்களை இறக்குகிறேன்" என்றார். தாள் வரவில்லை. மறுநாள் பக்கவாட்டிலிருந்து ஹிட்டாச்சியின் கையை நீட்டித் தட்டிவிட்டபோது, ஏறக்குறைய இரண்டு லோடு கல் ஒரே மூச்சில் சரிந்தது. அடுத்த மாதம் அவருடைய இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார்.

புதிய சட்டம் எதையும் நான் கேட்கவில்லை. குத்தகைதாரர் பெயரை எழுதும் குவாரி வாசல் பலகையில், மேலாளரின் பெயரையும் அவர் பணியில் இருக்கும் நேரத்தையும் எழுதச் செய்யலாம். மாவட்டக் கனிமவளத் துறையினர் நடைச்சீட்டுக் கட்டுகளை வழங்கும்போது, மேலாளரின் வருகைப் பதிவேட்டையும், உரிமையாளர் எழுத்தில் கொடுத்த உத்தரவுகளின் கோப்பையும் வாங்கிப் பார்க்கலாம். அந்தக் கோப்பு காலியாக இருந்தால், டிப்பர் எண்ணும் அறையை விட்டு வெளியே வந்து, வெடி வைப்பவரிடமும் ஹிட்டாச்சி ஓட்டுநரிடமும் "உங்களுக்கு வேலை சொல்வது யார்?" என்று தனித்தனியே கேட்டுப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குவாரி ஃபோர்மேன்,
மேலூர், மதுரை மாவட்டம்.