சகாயத்துக்கு, லெவர்குசனிலிருந்து

லெவர்குசன்
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சகாயம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கோயில்வரை போய்வருகிறார்கள் என்று படித்ததும் பெரிய நிம்மதி. மூட்டு ஆபரேஷன் என்றதுமே பயந்துபோயிருந்தோம். இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் இந்த மாதக் கடைசியில் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். முதல் நாள் பிள்ளைகள் கையில் ஆளுயரக் காகிதக் கூம்பு நிறைய மிட்டாயும் பென்சிலும் கொடுத்து அனுப்புவது இந்த ஊர் வழக்கம். வீடு முழுக்க இப்போது கலர் பேப்பரும் பசையும்தான்.

சரி, எங்கள் ஊர் கால்பந்து கிளப் பயர் லெவர்குசன் விஷயத்துக்கு வருகிறேன். "விர்ட்ஸும் போயாச்சு, இனி உங்க டீம்ல என்ன மக்கா இருக்கு?" என்று கேட்டிருந்தாய். விர்ட்ஸ் போனதில் எனக்கும் வருத்தம்தான். 2020 ஜனவரியில் பக்கத்து ஊர் கொலோனிலிருந்து 16 வயதுப் பையனாக வந்தவன். 2024 ஏப்ரல் 14 அன்று பிரேமனை 5-0 என்று அடித்து முதல் முறையாக ஜெர்மன் லீக் பட்டம் வாங்கினோமே, அன்று மூன்று கோல் போட்டவன் அவன்தான். மூன்றாவது கோல் விழுந்ததும் ஆட்டம் முடிவதற்குள்ளேயே ஜனம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. அப்படிப்பட்டவனுக்கு லிவர்பூல் 10 கோடி பவுண்டு தருகிறது, மேலே 1.6 கோடி சேரலாம் என்றால் இந்தச் சின்ன ஊர் எப்படிப் பிடித்து வைக்கும்? ஃப்ரிம்பாங்கும் அப்படித்தான். ஒப்பந்தத்திலேயே விலை எழுதியிருந்தது, 2.95 கோடி பவுண்டைக் கட்டி அதே லிவர்பூல் கூட்டிப்போனது. கோச் அலோன்சோ ரியல் மாட்ரிட்டுக்குப் போவார் என்பதும் எல்லோரும் எதிர்பார்த்ததுதான். இந்த மூன்றுக்கும் மனதைத் தயார் செய்துகொள்ள நேரம் இருந்தது.

எனக்குத் தூக்கம் கெடுவது மற்ற மூவரால். யொனாதன் தா 19 வயதில் ஹாம்பர்க்கிலிருந்து வந்து பத்து வருஷம் இங்கே சென்டர் பேக், அதாவது நடுத் தடுப்பில், ஆடினார். போன வருஷமே பயர்ன் மியூனிக் கேட்டது, பேரம் படியவில்லை. இன்னொரு சீசன் ஆடிவிட்டு, ஒப்பந்தம் முடியும் நேரத்தில் அதே பயர்னுக்கே போய்விட்டார். பத்து வருஷத்துக்கு ஈடாகக் கிளப்பின் கையில் சொல்லிக்கொள்கிற மாதிரிப் பணம் எதுவும் இல்லை. கேப்டன் ஹ்ராடெட்ஸ்கி, 2018இலிருந்து கோல்கீப்பர், இப்போது மொனாக்கோவில். ஜூலைக் கடைசியில் நடுக்கள ஆட்டக்காரர் ஷாக்காவும் கிளம்பினார். அதுவும் எங்கே? இப்போதுதான் பிரீமியர் லீக்குக்கு ஏறி வந்திருக்கும் சண்டர்லாந்துக்கு.

ஷாக்காவை டிவியில் பார்த்தால் பாதிதான் தெரியும் சகாயம். கேமரா பந்தின் பின்னால் போய்விடும். ஸ்டாண்டில் உட்கார்ந்து அவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டங்கள் உண்டு. பந்து யொனாதன் காலில் இருக்கும்போதே இவர் இடது தோளுக்கு மேலே ஒரு பார்வை, வலது தோளுக்கு மேலே ஒரு பார்வை. அப்புறம் கையை நீட்டி, பந்து தனக்கு வேண்டாம், இடது பக்கம் நிற்கும் கிரிமால்டோவுக்குக் கொடு என்று காட்டுவார். பந்தைத் தொடாமலே அந்தத் தாக்குதலை ஆரம்பித்து வைத்தவர் அவர். சக ஆட்டக்காரன் பதறும்போது இரண்டு கையையும் கீழே அமர்த்தி "பொறு" என்று சைகை காட்டுவார். ஆர்சனலில் சொந்த ரசிகர்களே கூச்சல் போட்டு விரட்டி, கேப்டன் பதவியையும் இழந்து, அதிலிருந்து மீண்டு வந்த மனிதர். 2024 ஜெர்மன் கோப்பை இறுதியில் கைசர்ஸ்லாட்டர்னுக்கு எதிராகத் தூரத்திலிருந்து இடது காலால் அடித்த அந்த ஒரே கோல் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இடைவேளைக்கு முன்பே எங்கள் டிஃபென்டர் கொசுனு சிவப்பு அட்டை வாங்கி வெளியே போன பிறகு, பத்துப் பேரை வைத்துக்கொண்டு அந்த 1-0ஐ அவர் காத்துக் கொடுத்ததுதான் எனக்கு ஞாபகம்.

2023 கோடையை யோசித்துப் பார். டியாபியை ஆஸ்டன் வில்லாவுக்கு விற்றார்கள். அந்தச் சமயத்தில் யாரைச் சேர்த்தார்கள்? 22 வயது போனிஃபேஸ் மாதிரி இளையவர்களும் வந்தார்கள், ஆனால் கூடவே இவர்களும்: ஷாக்காவுக்கு 30, ஹோஃப்மனுக்கு 31, பென்ஃபிகாவில் ஒப்பந்தம் முடிந்து ஃப்ரீயாக வந்த கிரிமால்டோவுக்கு 27. பழுத்த ஆட்கள். அடுத்த சீசனில் 34 லீக் ஆட்டத்தில் ஒன்றுகூடத் தோற்கவில்லை, 90 புள்ளி. விர்ட்ஸ் என்ற பையன் துணிந்து ஆட முடிந்ததே பின்னால் இவர்கள் நின்றதால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தக் கோடையில் என்ன நடக்கிறது? லிவர்பூலிலிருந்து குவான்சா, 22 வயது, சுமார் 3 கோடி பவுண்டு. பிஎஸ்வியிலிருந்து டில்மன், 23 வயது, சுமார் 3.5 கோடி யூரோ. ஹெர்த்தாவிலிருந்து மாசா, 19. கோஃபானே, 19. எல்லோரும் திறமைசாலிகள்தான், மாசாவின் கால் வேலையைப் பார்த்தால் உனக்கே ஆசை வரும். அனுபவம் உள்ள புது ஆள் என்றால் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது கோல்கீப்பர் ஃபிளெக்கன்தான். வாங்கி, வளர்த்து, விற்பதுதான் இந்தக் கிளப்பின் பிழைப்பு, ஹாவெர்ட்ஸ் செல்சிக்குப் போன கதையும் அதுதானே. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வளர்ப்பதற்கு வீட்டில் பெரியவர்கள் வேண்டாமா?

நீ பயிற்சி கொடுக்கும் டீம் பையன்களைப் பற்றி எழுதியதையும் இதோடு சேர்த்துத்தான் படித்தேன். தடைக்காலம் ஜூலையோடு முடிந்து தூத்தூர்ப் படகெல்லாம் ஆழ்கடலுக்குப் போனதும் உன் டீமில் பாதி காலி, கல்ஃபுக்கு விசா வந்த இருவர் வேறு. அந்த நிலைமையிலும் கால் வலி என்று ஒதுங்கியிருந்த பழைய ஸ்டாப்பரைக் கெஞ்சித் திரும்பக் கூட்டிவந்தாயே, நீ செய்தது சரி. எங்கள் கிளப்பில் ஆட்களை வாங்கி விற்கும் நிர்வாகி சிமோன் ரோல்ஃபெஸ் செய்ய வேண்டியதும் அதுதான். அவரும் இதே கிளப்பின் நடுக்களத்தில் பத்து வருஷம் ஆடியவர், அவருக்குத் தெரியாததில்லை.

புதுக் கோச் டென் ஹாக் ஜூலையில் வெளிப்படையாகவே சொன்னார், மூன்று பெரிய ஆட்கள் போய்விட்டார்கள், இதற்கு மேல் யாரும் போகக்கூடாது என்று. அதற்கப்புறம்தான் ஷாக்காவை விட்டார்கள். கோச் வார்த்தைக்கு அவ்வளவுதான் மதிப்பு என்றால் டிரெஸ்ஸிங் ரூமில் யார் அவரைக் கேட்பார்கள்? இந்த முடிவு எனக்குப் பிடிக்கவே இல்லை. பிரேசில் பயிற்சி முகாமில் ஃபிளமெங்கோவின் இருபது வயதுக்குட்பட்ட பையன்களிடம் 5-1, நேற்று முன்தினம் லண்டனில் செல்சியிடம் 2-0. பயிற்சி ஆட்டக் கணக்கை நான் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் பந்து பறிபோன பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பது வேறு விஷயம்.

என் பட்டியல் இதுதான். முதல் தேவை நடுக்களத்தில் ஆட்டத்தை நடத்தத் தெரிந்த ஒருவர், 27 வயதுக்கு மேல். பலாசியோஸ் நல்ல ஆட்டக்காரர், ஆனால் காயம் அவரை விடாது. ஆண்ட்ரிச் முரடர், நல்ல மனிதர், கேப்டன் பட்டை அவருக்குத்தான் போகும் என்று நினைக்கிறேன். ஆனால் ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது அவர் வேலை இல்லை. அடுத்து ஒரு சென்டர் பேக். டப்சோபா இருக்கிறார், ஹின்காபியே மேல் மற்றவர்கள் கண் இருக்கிறது. குவான்சாவை வைத்து மட்டும் யொனாதன் இடத்தை நிரப்புவது அந்தப் பையனுக்கே அநியாயம். முன்னால் ஷிக் இருக்கும்வரை கவலை இல்லை, போன லீக்கில் 21 கோல்.

வலது பக்கம்தான் எனக்குப் பிடிபடவில்லை. அலோன்சோ பின்னால் மூன்று பேரை வைத்ததால் ஃப்ரிம்பாங் பயமில்லாமல் மேலே ஓடினான். டென் ஹாக் நாலு பேர் டிஃபென்ஸுக்கு மாறினால் ஆர்தர் அங்கே தாக்குப்பிடிப்பானா? அவனுக்குப் பந்து காலில் நிற்கிறது, திரும்பி ஓடிவருவதுதான் சந்தேகம். ஆட்களை வாங்கி விற்கும் ஜன்னல் செப்டம்பர் 1 வரை திறந்திருக்கிறது. முதல் லீக் ஆட்டம் 23ஆம் தேதி சனிக்கிழமை, இங்கே ஹோஃபன்ஹைமுடன், உங்களுக்கு இரவு ஏழு மணி. வலது பேக்கை மட்டும் கவனித்துப் பார்த்துவிட்டு எழுது. நீ அந்த இடத்தில் ஆடியவன், உன் கண்ணை நம்புகிறேன்.

அம்மாவை மாடிப்படி ஏற விடாதே.

அன்புடன்,
ஜெரால்டு