நாற்காலி போடுவார்கள், தம்பி

அன்புள்ள தம்பி,

ஸ்தோத்திரம். நான் ஓய்வுபெற்று வந்து தங்கியிருக்கும் இந்தச் சேகரத்தில் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபைகளில்) நீ ஒரு மாதம் குருப் பயிற்சியில் இருந்துவிட்டு இறையியல் கல்லூரிக்குத் திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். பொதுவில் வைக்கலாமா என்று போனில் கேட்டேன், நீயும் சரி என்றாய். உன்னோடு படிக்கிறவர்களுக்கும் என்னோடு ஊழியம் செய்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக் கூட்டத்தைப் பற்றித்தான். மகனை விபத்தில் பறிகொடுத்த வீடு. குருப்பட்டம் இல்லாமல் சபையைக் கவனிக்கும் நம் உபதேசியார், வேதத்தில் எபிரெயர் நிருபம் 13ஆம் அதிகாரத்தைத் திறந்து, "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை" என்று வாசித்தார். "பவுல் இப்படி எழுதுகிறார்" என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் பேசினார். முடிவு ஜெபத்துக்கு உன்னைக் கேட்டோம். ஜெபத்துக்கு முன்னால் நீ, எபிரெயர் நிருபத்தைப் பவுல் எழுதவில்லை, கிரேக்க நடையே வேறு என்று விளக்கினாய். முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்த அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். என்ன நடக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. உபதேசியார் வேதத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

நீ சொன்னது சரிதான். புதிதும் இல்லை; அதை எழுதினவர் யாரென்று கடவுளுக்குத்தான் தெரியும் என்று 3ஆம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற திருச்சபை அறிஞர் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் அன்றைக்கு யாரும் அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் நடந்தது உனக்குத் தெரியாது. உபதேசியார் என்னைத் தேடி வந்தார். "ஐயா, அந்தத் தம்பி சொன்னது எந்தப் புத்தகத்தில இருக்கு? இத்தனை வருஷமா பவுல்னே சொல்லிட்டு வந்திருக்கேன். வாங்கி வாசிக்கணும்" என்றார். முகத்தில் வருத்தம் இருந்தது, கோபம் துளியும் இல்லை. முப்பத்தைந்து வருஷ ஊழியத்தில், என்னைவிட நாற்பது வயது இளையவன் ஒருவன் சபை நடுவே என்னைத் திருத்தி, மறுநாள் நான் புத்தகம் கேட்டுப் போனதாக எனக்கு நினைவே இல்லை.

என் தோழர்கள் பலர் "இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தாழ்மையே இல்லை" என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எங்கள் காலத்தில் தாழ்மை என்று எங்களுக்குப் பழக்கியது என்ன? பெரியவரின் பெட்டியைத் தூக்குவது, கேள்வி கேட்காமல் இருப்பது, கணக்கில் தப்பு தெரிந்தாலும் வாயைத் திறக்காமல் இருப்பது. அப்படிக் குனிந்தே இருந்தவர்கள் சேகரம் கையில் வந்ததும் மணி அடிக்கிற அண்ணாச்சியைக் குனிய வைத்தார்கள். நானும் வைத்திருக்கிறேன். உங்கள் தலைமுறை திருப்பிக் கேட்கிறது, போனிலேயே கிரேக்க அகராதி வைத்திருக்கிறது, பேராசிரியரிடமே "ஏன்" என்கிறது. அதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

எனக்கிருக்கும் பயமே வேறு. முதல் வருஷ விடுமுறையில் நீ ஊருக்குப் போனபோதே உன்னை "ஐயா" என்று கூப்பிட ஆரம்பித்திருப்பார்கள். சபையார் சேர்ந்து விருந்துண்ணும் அசனப் பண்டிகையில் உனக்கு முதல் பந்தியில் இடம், தோளில் பொன்னாடை. எனக்கும் அப்படித்தான். இருபத்திரண்டு வயதில் ஒரு கிராமத்து வீட்டுக்கு ஜெபிக்கப் போனேன். வீட்டில் இருந்தது ஒரே நாற்காலி. எழுபது வயதுப் பெரியவர் எழுந்து, தோள் துண்டை எடுத்து அதைத் துடைத்து, எனக்குப் போட்டார். நான் உட்கார்ந்தேன். அவர் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். அது தப்பு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, எனக்காகவும் தோன்றவில்லை. அப்புறம் எத்தனையோ வீடுகள், எத்தனையோ நாற்காலிகள்.

நம் ஊர்களில் யார் நாற்காலியில், யார் தரையில் என்பதற்குப் பின்னால் எத்தனை தலைமுறைக் காயம் இருக்கிறது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1981ல் பெங்களூரில் இறையியலாளர் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரையில் தொடங்கி, ஒடுக்கப்பட்டவர்களின் அனுபவத்திலிருந்து பேசும் தலித் இறையியலைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை எனக்கு வாசிக்கக் கொடுத்தாய். அருமையான கட்டுரை. அதை நீ திண்ணையில் உட்கார்ந்து எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது உபதேசியார் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். அன்று நானும் அவரை உட்காரச் சொல்லவில்லை. இருவருமே கவனிக்கவில்லை.

தரங்கம்பாடிக்கு 1706ல் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குக்கு அப்போது 24 வயதுகூட நிறையவில்லை. ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்தவர், போதிக்க என்றே அனுப்பப்பட்டவர். அவர் ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரையும் பிள்ளைகளையும் தன் வீட்டுக்கே வரவழைத்து, அந்தச் சின்னப் பிள்ளைகளோடு மணலில் விரல் வைத்து அ, ஆ எழுதிப் படித்தார். 1715ல் அச்சாகி வந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு அந்த மணலில் ஆரம்பித்தது. 1733 டிசம்பர் 28ல் முதல் தமிழ்ப் புராட்டஸ்டண்ட் குருவாக அபிஷேகம் பெற்ற ஆரோன், அதற்கு முன் பல வருஷம் உபதேசியாராக ஊர் ஊராக நடந்தவர். உபதேசியார் என்ற வேலை குருத்துவத்துக்குக் கீழான ஒரு படி என்று நாம்தான் பிறகு ஆக்கிக்கொண்டோம்.

இதை எழுதுவதால் நீ வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1910ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் பேசியபோது அவருக்கு 35 வயது. ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையே கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று மூத்த மிஷனரிகளின் முகத்துக்கு நேரே சொன்னார். அதற்கு முந்தின வருஷம்தான் அவர் தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்குக் குடும்பத்தோடு போய், கூடாரத்தில் குடியிருந்து, தெலுங்கு படித்து, கிராமத்து ஏழைகளோடு ஊழியத்தைத் தொடங்கியிருந்தார். பெரியவர்களிடம் அப்படிப் பேசிய அதே மனிதர்தான் அந்த ஏழைகளிடம் அப்படிப் போனார். நமக்கு இது தலைகீழாக வருகிறது, தம்பி. எளியவர் முன்னால் நம் குரல் உயர்கிறது, அதிகாரம் உள்ளவர் முன்னால் அடங்கிவிடுகிறது. பேராயரின் கீழுள்ள நம் சபைகளின் அமைப்பான திருமண்டலத்தின் தேர்தலில் சாதி பார்த்து ஆள் சேர்க்கிறார்களே, அங்கே எழுந்து நின்று கேள். நான் கேட்கவில்லை. நீ கேட்டால் உன் பக்கத்தில் வந்து நிற்கிறேன்.

வேதத்தில் வரும் சிறுவன் சாமுவேலின் கதையை இப்போதெல்லாம் வேறு மாதிரி வாசிக்கிறேன். பையனுக்குக் கடவுளின் குரல் கேட்டது, அது யாருடையது என்று அவனுக்குத் தெரியவில்லை. கண் மங்கி, வீட்டையே சரியாக நடத்தத் தெரியாத கிழ ஆசாரியர் ஏலிக்குத்தான் தெரிந்தது. காலையில் பையன் சொல்லப் பயந்தபோது, மறைக்காதே, சொல் என்று கேட்டு, தன் வீட்டுக்கு எதிரான தீர்ப்பைத் தன் வேலைக்காரப் பிள்ளையின் வாயிலிருந்து அவர் வாங்கிக்கொண்டார். ஏலியின் பிள்ளைகளைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் செய்திருக்கிறேன். அந்தக் காலைப்பொழுதைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை. எங்கள் உபதேசியார் புத்தகம் கேட்டு வந்து நின்ற அன்றுதான் அது என் கண்ணில் பட்டது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருவாய் அல்லவா? வரும்போது எபிரெயர் நிருபத்துக்கு ஒரு விளக்கவுரை கொண்டுவா. தமிழில் இருக்க வேண்டும், அவருக்கு ஆங்கிலம் வராது. நூலகத்தில் கேட்டுப் பார், கிடைக்காவிட்டால் நீயே நாலு பக்கம் எழுதிக் கொடு. எழுத்து பெரிதாக இருக்கட்டும். அவருக்கு இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது, மாலையில் வாசிக்கச் சிரமப்படுகிறார். நீ கூட உட்கார்ந்து வாசித்தால் இன்னும் நல்லது. அந்த அம்மாவின் வீட்டுக்கும் அவரோடேயே போய் வா. வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் இன்னும் அங்கே போய்க்கொண்டுதான் இருக்கிறார்.

கர்த்தருக்குள்,
உன் மூத்த அண்ணன்