கிளீவ்லாந்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில், தொழிலாளர்களே பங்காளிகளாக இருக்கும் எவர்கிரீன் கூட்டுறவுகளின் தொழிலாளர்களுக்கும் அவர்களுக்குத் துணை நின்றவர்களுக்கும் வணக்கம்.

இதே ஊரில் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் குப்பை கொட்டுகிறவள் நான். யாரிடம் வாங்குவது, என்ன விலைக்கு வாங்குவது என்பதுதான் என் அன்றாடப் பாடு. ஆகவே என் நன்றியும் பர்ச்சேஸ் ஆர்டரிலிருந்துதான் தொடங்குகிறது.

1950இல் கிளீவ்லாந்தில் 9 லட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 3,72,624 பேர். ஆலைகள் ஒவ்வொன்றாக மூட, ஆட்களும் ஊரைக் காலி செய்தார்கள். நகராமல் நின்றவை கிளீவ்லாந்து கிளினிக், யுனிவர்சிட்டி ஹாஸ்பிடல்ஸ், கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் போன்றவைதான். இவை ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டாலருக்குப் பொருளும் சேவையும் வாங்கின. மதிலுக்கு வெளியே இருந்த தெருக்களிலோ வேலையில்லாத் திண்டாட்டம். அத்தனை பணமும் அக்கம்பக்கத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தது.

சலுகை கொடுத்துப் பெரிய கம்பெனியை அழைத்து வருவதுதான் எல்லா ஊர்க்காரர்களும் செய்வது. அடுத்த ஊர் கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் அது மூட்டையைக் கட்டிவிடும். அதைவிட்டு, இங்கேயே இருக்கும் வாடிக்கையாளருக்கு இங்கேயே இருக்கும் மக்களின் கூட்டுறவு என்று 2008இல் யோசித்த கிளீவ்லாந்து அறக்கட்டளைக்கும், டெமாக்ரசி கொலாபரேட்டிவ் என்ற ஆய்வு அமைப்புக்கும், மாநகராட்சிக்கும் நன்றி. தொழிலாளர்களுக்கே சொந்தமான ஸ்பெயினின் மொண்ட்ராகன் கூட்டுறவுகளைப் பார்த்து வந்து, நகரின் கிளென்வில் பகுதியில் 2009இல் எவர்கிரீனின் சலவைக்கூடத்தைத் திறந்தார்கள்.

மருத்துவமனைச் சலவை என்றால் லேசுப்பட்டதல்ல. அழுக்குப் பக்கத்தில் கையுறை மாட்டிக்கொண்டு மூட்டையைப் பிரிப்பவருக்கு, ரத்தக்கறை படிந்த விரிப்புக்குள் யாரோ மறந்துபோன ஊசியும் கிடைக்கும். சுத்தப் பக்கத்தில் ஈர விரிப்பின் இரு முனைகளை இழுத்துப் பிடித்து, சூடான உருளைக்குள் சுருக்கமில்லாமல் ஊட்ட வேண்டும். அதைச் செய்பவர்தான் இங்கே முதலாளியும். உறுப்பினர் பங்கு 3,000 டாலர். மணிக்கு 50 சென்ட் வீதம் சம்பளத்தில் பிடித்துக் கட்டும் ஏற்பாடு. கையில் காசில்லாதவரும் பங்காளி ஆக வழி செய்த இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

என் இனத்தாரை, அதாவது கொள்முதல் அதிகாரிகளை, யாரும் மேடையேற்றுவதில்லை. ஒரு நாள் விரிப்பு வராவிட்டால் அறுவை அரங்குவரை தடுமாறும். பழகிய பெரிய சப்ளையரை விட்டு உள்ளூர்க் கூட்டுறவுக்குக் கையெழுத்துப் போட்டவர் தலைதான் உருளும். எளிதில் நடந்துவிடவில்லை. கிளீவ்லாந்து கிளினிக்கின் பெரிய சலவை ஒப்பந்தம் கைக்கு வர 2018 ஆனது. அந்தக் கோப்பை நகர்த்திய, பெயர் வெளியே தெரியாதவர்களுக்கே என் பெரிய நன்றி.

இன்னொரு கடனும் இருக்கிறது. பக்கத்து யங்ஸ்டவுனில் 1977 செப்டம்பரில் கேம்ப்பெல் எஃகு ஆலையை மூடுவதாக அறிவித்து ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆலையைத் தாங்களே வாங்கி நடத்தத் தொழிலாளர்களும் பாதிரியார்களும் முயன்றார்கள். மத்திய அரசின் கடன் உத்தரவாதம் கிடைக்காமல் முயற்சி முறிந்தது. அதில் தோள் கொடுத்த பொருளியலாளர் கார் ஆல்பரோவிட்ஸ்தான் பின்னாளில் டெமாக்ரசி கொலாபரேட்டிவைத் தொடங்கியவர்களில் ஒருவர். தோற்ற அந்தத் தொழிலாளர்களுக்கும் நன்றி சொல்லாமல் இந்த மடலை முடிக்க மனம் வரவில்லை.

சில நூறு வேலைகளால் நகரம் நிமிர்ந்துவிட்டது என்றால் அது பொய். நீங்களும் அப்படிச் சொல்லிக்கொள்ளாதது எனக்குப் பிடித்திருக்கிறது. ஓய்வுபெறும் முதலாளிகளின் கம்பெனிகளை வாங்கி ஊழியர்கள் கையில் சேர்க்க 2018இல் ஒரு நிதியமும் தொடங்கினீர்கள். அப்படி வரும் கம்பெனிகளின் விலைப்புள்ளியை எங்கள் அலுவலகத்துக்கும் அனுப்பி வையுங்கள். டெண்டர் விதிகளை மீற முடியாது; ஆனால் கவனமாகப் படிப்பேன்.

நன்றியுடன்,
கிளீவ்லாந்திலிருந்து ஒரு தமிழச்சி