சாம்பர் ஏரிக்கு மே மாதம் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை விடுமுறையில் தில்லியிலிருந்து போய்வர ஏற்ற இடங்கள் என்று சென்ற இதழில் வெளியிட்டிருந்தீர்கள். அதில் ராஜஸ்தானின் சாம்பர் உப்பு ஏரியும் இருந்தது, கூடவே தண்ணீரில் நிற்கும் பூநாரைக் கூட்டத்தின் படம். அதை நம்பி யாரும் மே மாதத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன். நாங்கள் அப்படிக் கிளம்பியவர்கள்.

ஊருக்கு ரயில் டிக்கெட் கிடைக்காத ஒரு கோடை அது. ஜெய்ப்பூர் வரை ரயில், அங்கிருந்து 80 கிலோமீட்டர் போல வாடகைக் கார். பறவை எப்போதும் இருக்கும் என்று கார்க்காரர் சொன்னார். போய் இறங்கினால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெடித்த மண்ணும், மேலே பூத்த உப்பும்தான். காலை பத்து மணிக்கே தரையிலிருந்து அடித்த வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை. "தண்ணி எங்கம்மா?" என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

எனக்குப் பிறந்த ஊர் தூத்துக்குடி. உப்பளத்துப் பாத்திகளைப் பார்த்து வளர்ந்தவள். வெயில் ஏறினால்தான் உப்பு விளையும் என்று தெரிந்த எனக்கே, உப்பு விளையும் நாளில் ஏரி வற்றிக் கிடக்கும் என்பது அன்று தோன்றவில்லை. உப்பு வாருவதைப் பார்க்க வேண்டுமென்றால் மார்ச், ஏப்ரலில் போகலாம். பறவைக்கு அல்ல.

மழையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மழைக்காலம் என்றால் நமக்கு ஐப்பசி, கார்த்திகை. பழவேற்காடு ஏரிக்கு அது சரி. சாம்பருக்கு அந்த மழை கிடையாது. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழையில் மெந்தா, ரூபன்கர் முதலிய ஆறுகள் கொண்டுவருவதுதான் ஆண்டு முழுமைக்கும் தண்ணீர். கடலுக்குப் போக வழியில்லாததால் அங்கேயே நின்று வற்றுகிறது. நிறைந்த ஆண்டில் சுமார் 200 சதுர கிலோமீட்டர் பரவினாலும் ஆழம் மூன்று மீட்டர் அளவுதான். ஓரங்களில் முழங்கால்கூட நனையாது. பூநாரை தேடி வருவது அந்த ஆழமில்லாத தண்ணீரைத்தான். நின்றபடியே தலையைக் கவிழ்த்து, சிறு பூநாரை நீலப்பச்சைப் பாசியையும் பெரும் பூநாரை கூனி போன்ற சிற்றுயிர்களையும் அலகால் வடித்துத் தின்கிறது.

எனவே நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் காலம். அதிலும் டிசம்பர் கடைசியையும் ஜனவரி முதல் பாதியையும் விட்டுவிடுங்கள். பனிமூட்டத்தில் தில்லி ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், காலையில் ஏரியே தெரியாமல் போகலாம். பொங்கல் கழிந்து இரண்டு வாரம் விட்டு நாங்கள் மறுபடி போனோம். விடிந்து அரை மணி நேரத்தில் தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. உப்புத்தான் வெயிலில் அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன். கோடு நகர்ந்தது. மகள் ஒரு வார்த்தை பேசாமல் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மழை பொய்த்த ஆண்டில் ஜனவரியிலும் ஏமாற்றம்தான். ஆறுகளின் குறுக்கே தடுப்பணைகள், ஏரியைச் சுற்றி உப்புநீரை உறிஞ்சும் ஆழ்துளைக் கிணறுகள் என்று வரத்து ஏற்கெனவே குறைந்திருக்கிறது. கிளம்புமுன் தண்ணீர் இருக்கிறதா என்று உள்ளூரில் கேட்டுவிட்டுப் போங்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 1990 முதல் இருக்கும் ஏரி இது. காய்ந்த பரப்பில் காரை விட்டுச் சுற்றுகிறவர்களைக் கண்டு மனம் கொதித்தது.

2019 நவம்பரில் இங்கே 18,000-க்கும் மேற்பட்ட பறவைகள் செத்தன. பாக்டீரியா நஞ்சால் வரும் போட்டுலிசம் என்னும் நோய் காரணம் என்று பரேலியிலுள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையம் கண்டறிந்தது. செத்த பறவையில் நெளியும் புழுவைத் தின்னும் அடுத்த பறவைக்கும் அந்த நஞ்சு ஏறும். ஆகவே செத்த பறவை ஒன்று கண்ணில் பட்டாலும் தொடாமல் வனத்துறையினரிடம் உடனே சொல்லுங்கள்.

நீங்கள் வெளியிட்ட படம் எந்த மாதம் எடுத்தது என்பதை அடுத்த இதழில் ஒரு வரி போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயூர் விஹார், தில்லி